பழைய கணினிக்கு ஏற்ற எஸ்.எஸ்.டி.யைத் தெரிவுசெய்தல்

எமது கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் நல்வாழ்வு வாழ்கின்றனர். பிறந்த மண்ணின் பிள்ளைகளுக்கு ஏதேனும் செய்யவேண்டும் என்னும் எண்ணம் தோன்றும்போது அவர்கள் உள்ளத்தில் முதலில் எழுவன புத்தகமும் கணினியுமேயாம். தம் அலுவலகம் கழித்துவிட்ட கணினிகளைத் திரட்டி அனுப்புவோர் உளர். பாடசாலைகளில் துணி போர்த்து மூலையில் வைக்கப்பட்ட கணினிகளைத் திருத்துவதற்குப் பணம் அனுப்புவோரும் உளர். இரு சாராரும் கேட்கும் வினா ஒன்றே: குறைந்த செலவில் இவற்றை எங்ஙனம் பயன்படுமாறு செய்யலாம்? இவ்வினாவுக்கு விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

வினா சிறியதாயினும் அதன் விளைவு சிறியதன்று. எலுவன்குளத்தை எடுத்துக்கொள்வோம். புத்தளத்திலிருந்து வண்ணாத்திவில்லு வழியாக வடக்கு நோக்கிச் சென்றால், வில்பத்து வனத்தின் தென் எல்லையில், கலா ஓயாவின் அண்மையில் அமைந்தது அவ்வூர். மழைக்காலத்தில் ஆறு பெருகித் தாம்போதியை மூடும். கோடையில் களப்புப் பக்கமிருந்து உப்புக் காற்று வீசும். அத்தகைய ஊரின் பாடசாலைக்குப் பொருந்தாத உறுப்பு ஒன்று வாங்கப்பட்டால், அதனை மாற்றுவதற்கு ஒருவர் ஒரு நாள் வேலையை விட்டு நகருக்குச் செல்லல் வேண்டும். கடைக்காரர் மாற்றித் தர மறுத்தால் அப்பணம் போனது போனதே. அப்பணத்துக்காகக் காத்திருந்த பிள்ளைகளின் தவணையும் போய்விடும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பர் நம் முன்னோர். அளக்கும் முறையை அறிந்துகொள்வோம்.

1. நோய் எது?

மருந்தைத் தேடுமுன் நோயை அறிதல் முறை. "கணினி பழையது, ஆதலால் மெதுவாகிவிட்டது" என்பது பொதுவாகக் கூறப்படும் காரணம். அது பெரும்பாலும் அரை உண்மையே. கணினியின் மூளையாகிய செயலி வயதாவதால் மெதுவாவதில்லை. 2010 ஆம் ஆண்டில் எவ்வளவு விரைவாகக் கணக்கிட்டதோ, அவ்வளவு விரைவாகவே அது இன்றும் கணக்கிடும். ஆனால், அதற்கு வேலை கொண்டுவந்து கொடுக்கும் வன்தட்டுத்தான் பல கணினிகளில் தடையாய் நிற்கின்றது. புதிய மென்பொருள்கள் முன்னையவற்றைவிட மிகுதியான கோப்புகளைக் கேட்கின்றன. வன்தட்டோ அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிக் கொணர்கின்றது.

வன்தட்டு பழைய கண்டுபிடிப்பு. ஐ.பி.எம். நிறுவனம் 1956 ஆம் ஆண்டில் வெளியிட்ட முதல் வன்தட்டு இயந்திரத்தில், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஓர் அச்சிற் சுழன்றன. அதிற் பதியக்கூடியவை 50 இலட்சம் எழுத்துகள் மாத்திரமே. இன்று கைபேசியால் எடுக்கும் ஒரு படத்துக்கே அவ்விடம் போதாது. அளவு எத்துணையோ சுருங்கிவிட்டபோதிலும் தத்துவம் மாறவில்லை. தட்டுச் சுழலும், அதன்மேல் ஒரு முள் உள்ளும் புறமும் நகரும், வேண்டிய இடம் முள்ளின் கீழ் வரும்வரை கணினி காத்திருக்கும். சூத்திரக் கிணற்றின் வாளி தம்மிடம் சுற்றி வரும்வரை காத்திருப்பவரை இதற்கு உவமையாகக் கூறலாம்.

இக்காத்திருப்பைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மேசைக்கணினியின் வன்தட்டு பொதுவாக நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும். அதாவது செக்கனுக்கு 120 முறை. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெக்கன் செல்லும். சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டுமாதலின், அதற்கு 4.2 மில்லிசெக்கன். மடிக்கணினியின் வன்தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறையே சுழல்வதால், அங்கே இக்காத்திருப்பு 5.6 மில்லிசெக்கன் ஆகும். முள் நகர்வதற்கு ஏறத்தாழ 10 மில்லிசெக்கனைக் கூட்டினால், ஓரிடத்தைத் தேடிப் படிக்க 15 மில்லிசெக்கன் என வரும். கணினியைத் தொடக்கும்போது சிதறிக் கிடக்கும் 6,000 சிறு பகுதிகளைப் படிக்க நேர்ந்தால், 6,000 ஐ 15 ஆற் பெருக்க 90 செக்கன் ஆகின்றது. எஸ்.எஸ்.டி.யில் அதே வேலைக்கு ஓரிடத்துக்கு ஏறத்தாழ 0.1 மில்லிசெக்கனே செல்லும், மொத்தம் 0.6 செக்கன். செயலி செய்யும் வேலைக்கான நேரம் இதனுடன் சேரும் என்பது உண்மையே; எனினும் காத்திருப்பு மறைந்துவிடுகின்றது.

ஆயினும், எல்லா மந்தத்துக்கும் வன்தட்டே காரணம் என்று முடிவுகட்டலாகாது. விண்டோஸ் உள்ள கணினியில் டாஸ்க் மனேஜர் என்னும் சாளரத்தைத் திறந்து, வழக்கமான வேலை நடக்கும்போது பார்த்தல் வேண்டும். வட்டின் பங்கு நெடுநேரம் நூறு வீதத்தில் நிற்குமாயின் நோய் வன்தட்டிலாகும். ரம் எனப்படும் நினைவகம் நிரம்பி வழியுமாயின், அதுவே முதலிற் பெருக்கப்படவேண்டியது. ஏனெனில் நினைவகத்தில் இடமில்லாதபோது கணினி வட்டையே நினைவகமாகப் பயன்படுத்தி அதனையும் வருத்தும். செயலியே நூறு வீதத்தில் நிற்குமாயின், எஸ்.எஸ்.டி. வாங்கியும் பயன் சிறிதே.

2. எஸ்.எஸ்.டி. என்பது யாது?

திண்மநிலைச் சேமிப்பகம் என்பதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே எஸ்.எஸ்.டி. என்பன. கடைத்தெருவில் வழங்கும் பெயரும் அதுவாதலால், நாமும் அப்பெயரையே ஆளுவோம். இதிற் சுழலும் தட்டும் இல்லை. நகரும் முள்ளும் இல்லை. மின்னேற்றத்தைச் சிறைப்படுத்தி வைக்கும் கோடிக்கணக்கான நுண்ணறைகளே உள்ளன. இவ்வறையின் அடிப்படையை 1967 ஆம் ஆண்டில் பெல் ஆய்வுகூடத்தில் டாவன் காங், சைமன் சே என்னும் இருவர் வெளியிட்டனர். யப்பானில் தோஷிபா நிறுவனத்தைச் சேர்ந்த புஜியோ மசுவோக்கா, பெருந்தொகையான அறைகளை ஒருங்கே அழித்து எழுதும் முறையை 1984 இலும், இன்று எஸ்.எஸ்.டி.களில் உள்ள நாண்ட் வகையை 1987 இலும் அறிமுகஞ் செய்தார். ஒருங்கே அழிதல் நிழற்படக் கருவியின் ஒளிவெட்டை ஒத்திருந்தமையால் அதற்கு "பிளாஷ்" என்னும் பெயர் வாய்த்தது.

பிற்காலத்திற் சாண்டிஸ்க் எனப் பெயர் பெற்ற நிறுவனம், 1991 ஆம் ஆண்டில் 20 மெகாபைற்று கொண்ட எஸ்.எஸ்.டி. ஒன்றை ஐ.பி.எம்.முக்கு வழங்கியது, அதன் விலை ஏறத்தாழ 1,000 டொலர். அந்நிறுவனத்தைத் தோற்றுவித்த மூவருள் ஒருவர் இந்தியாவின் கான்பூரிற் பிறந்த சஞ்சய் மெஹ்ரோத்ரா என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. அன்று பெரு நிறுவனங்கள் மாத்திரமே வாங்கக்கூடியதாயிருந்த பொருள் இன்று சிற்றூர்ப் பாடசாலைக்கும் எட்டும் நிலையில் உளது.

ஓர் அறையில் எத்தனை பிற்றுகள் பதியப்படுகின்றன என்பது விலையையும் ஆயுளையும் தீர்மானிக்கும். ஒரு பானையில் நீர் உண்டா இல்லையா என்று மாத்திரம் பார்த்தால் இரு நிலைகளே. அதே பானையில் எட்டு மட்டங்களை வேறுபடுத்தி அறியவேண்டுமாயின் கவனம் மிகுதியும் வேண்டும். பதினாறு மட்டங்களாயின் சிறு கசிவும் கணக்கைப் பிழைபடுத்தும். ஓர் அறைக்கு மூன்று பிற்று வைக்கும் ரி.எல்.சி. வகை எட்டு மட்டங்களையும், நான்கு பிற்று வைக்கும் கியூ.எல்.சி. வகை பதினாறு மட்டங்களையும் உடையன. பின்னது மலிவு, ஆனால் அறைகள் விரைவில் தேயும், பெருங்கோப்பை எழுதும்போது வேகமும் தளரும். விலை வேறுபாடு சிறிதாயின் ரி.எல்.சி.யைத் தெரிவுசெய்க.

3. பொருத்தமே முதல்

வேகத்தைப் பற்றிப் பேசுமுன் பொருத்தத்தைப் பற்றிப் பேசுதல் வேண்டும். அன்புடன் அனுப்பப்படும் உறுப்புகள் பயன்படாமற் போவது பெரும்பாலும் இங்கேதான்.

பழைய கணினியின் மூடியைக் கழற்றி, வன்தட்டு எக்கம்பியால் இணைக்கப்பட்டுள்ளது என்று பாருங்கள். அகன்ற, தட்டையான, 40 துளைகள் கொண்ட நாடா காணப்படின் அது ஐ.டி.ஈ. வகை. அதற்கும் மாற்றிகள் உளவாயினும், அத்துணைப் பழைய கணினிக்குச் செலவு செய்தல் தகாது. விரல் அகலத்துக்கும் குறைந்த ஒடுங்கிய கம்பி காணப்படின் அது சாட்டா வகை. 2006 ஆம் ஆண்டில் கோர் 2 டுவோ செயலிகள் வந்த காலம் முதலாக விற்கப்பட்ட கணினிகளிற் பெரும்பாலானவை இவ்வகையினவே. இவற்றுக்கு வேண்டியது 2.5 அங்குலச் சாட்டா எஸ்.எஸ்.டி. ஆகும்.

இன்று கடையில் அழகாக அடுக்கப்பட்டிருக்கும் வேறொரு வகை உண்டு. 22 மில்லிமீற்றர் அகலமும் 80 மில்லிமீற்றர் நீளமுமாய், மெல்லிய பலகைபோற் காணப்படும் அதன் வடிவத்துக்கு எம்.2 என்று பெயர். இவ்வடிவத்திற் சாட்டாவும் உண்டு, என்.வி.எம்.ஈ. என்னும் விரைவு வகையும் உண்டு. வடிவம் ஒன்றேயாயினும் மொழி வேறு. எம்.2 துளையே இல்லாத கணினிக்கு இவை இரண்டும் நேரே பொருந்தா. மாற்றுப் பலகை மூலம் என்.வி.எம்.ஈ.யைச் செருகினாலும், 2014 ஆம் ஆண்டுக்கு முற்பட்ட பெரும்பாலான தாய்ப்பலகைகள் அதிலிருந்து தொடங்கமாட்டா. ஆகவே "மிக வேகமானது" என்று புகழப்படுவதை வெளிநாட்டில் வாங்கி அனுப்புவது வீண்செலவாகக் கூடும்.

சாட்டாவிலும் மூன்று தலைமுறைகள் உள. 2003 இல் வந்த முதலாவது செக்கனுக்கு 150 மெகாபைற்றும், இரண்டாவது 300 மெகாபைற்றும், 2009 இல் வெளியான மூன்றாவது 600 மெகாபைற்றும் கடத்தவல்லன. புதிய எஸ்.எஸ்.டி. பழைய துளையிலும் இயங்கும். வேகம் மாத்திரம் துளைக்கேற்பக் குறையும். இக்குறைவு கண்டு வருந்தவேண்டியதில்லை. நாம் மேலே கண்டவாறு கணினியை மந்தமாக்கியது சிறு கோப்புகளைத் தேடும் காத்திருப்பேயன்றிப் பெருங்கோப்பைக் கடத்தும் வேகமன்று. இரண்டாந் தலைமுறைச் சாட்டாவிலும் அக்காத்திருப்பு நீங்கிவிடும். எனவே பெட்டியின் மேல் 500 என்றோ 550 என்றோ அச்சிடப்பட்ட வேகத்துக்காக மேலதிகப் பணம் கொடுத்தல் வேண்டா.

மடிக்கணினிக்கு வாங்கும்போது தடிப்பையும் பார்க்க. எஸ்.எஸ்.டி.கள் பொதுவாக 7 மில்லிமீற்றர் தடிப்பின. பழைய மடிக்கணினியின் அறை 9.5 மில்லிமீற்றருக்கு அமைக்கப்பட்டிருப்பின் இடைவெளியை நிரப்பும் சட்டம் ஒன்று வேண்டும். மேசைக்கணினியின் அறை 3.5 அங்குலமாதலின் அதற்குத் தாங்கி ஒன்றும், சில வேளைகளில் சாட்டாக் கம்பி ஒன்றும் வேண்டும். இவை சிறு பொருள்கள். ஆயினும் எலுவன்குளத்தில் இருந்துகொண்டு இவற்றில் ஒன்று இல்லையென்று காணும்போதுதான் அதன் பெருமை விளங்கும்.

4. கொள்ளளவு எவ்வளவு?

வாங்குவோர் முதலில் அறியவேண்டியது, பெட்டியில் 240 கிகாபைற்று என்று எழுதியிருப்பினும் விண்டோஸ் 223 என்றே காட்டும் என்பதாம். இது ஏமாற்றன்று. உற்பத்தியாளர் ஆயிரத்தின் மடங்காக எண்ணுகின்றனர். விண்டோஸ் 1,024 இன் மடங்காக எண்ணுகின்றது.

பாடசாலைக் கணினிக்குப் பணிசெயல் முறைமையும் எழுத்து, கணக்கு மென்பொருள்களும் சேர்ந்து பெரும்பாலும் 50 கிகாபைற்றுக்குள் அடங்கும். பிள்ளைகளின் கோப்புகளுக்கும் புதுப்பித்தல்களுக்கும் இடம் விட்டு, ஐந்தில் ஒரு பங்கை வெறுமையாக வைத்தாலும் 240 கிகாபைற்றே போதுமானது. லினக்ஸ் மாத்திரம் இயங்கும் கணினிக்கு 120 உம் போதும். ஆனால் இரண்டுக்குமிடையே விலை வேறுபாடு பெரும்பாலும் சிறிதாகவே இருக்கும். அன்றியும், கொள்ளளவு குறைந்ததில் அறைகளும் குறைவாதலால் ஆயுளும் குறையும். ஒளிப்படங்களும் காணொளிகளும் வைக்கும் அலுவலகக் கணினி ஒன்றுக்கு மாத்திரம் 480 அல்லது 500 வாங்கலாம்.

5. ஆயுளைக் கணக்கிடல்

"எஸ்.எஸ்.டி. எழுத எழுதத் தேய்ந்துவிடுமாமே" என்று அஞ்சுவோர் பலர். தேய்வது உண்மை, அஞ்சுவது மிகை. உற்பத்தியாளர் விவரத்தாளில் ரி.பி.டபிள்யூ. என ஓர் எண் காணப்படும். உத்தரவாதத்துக்கு உட்பட்டு எத்தனை தெராபைற்று எழுதலாம் என்பதை அது குறிக்கும். மலிவு வரிசையைச் சேர்ந்த கிங்ஸ்ரன் ஏ400 என்பதன் 240 கிகாபைற்று வகைக்கு இது 80. உத்தரவாதம் மூன்று ஆண்டு. விலை கூடிய சம்சுங் 870 ஈவோவின் 250 கிகாபைற்று வகைக்கு 150. உத்தரவாதம் ஐந்து ஆண்டு.

மலிவானதையே எடுத்துக்கொள்வோம். 80 தெராபைற்று என்பது 80,000 கிகாபைற்று. ஒரு கணினியில் நாளொன்றுக்கு 20 கிகாபைற்று எழுதப்படுவதாகத் தாராளமாகக் கொண்டாலும், 80,000 ஐ 20 ஆல் வகுக்க 4,000 நாள் வரும். ஏறத்தாழ பதினொரு ஆண்டு. ஆண்டில் 200 நாளே இயங்கும் பாடசாலைக் கணினிக்கு அது இருபது ஆண்டு. கணினியின் பிற உறுப்புகள் அதற்கு முன்னரே ஓய்ந்துவிடும். ஆதலின் மலிவு வரிசைப் பொருளையும் அச்சமின்றி வாங்கலாம். ஆனால் அது பெயர் பெற்ற நிறுவனத்தின் மலிவு வரிசையாய் இருத்தல் வேண்டும்.

இவ்விரண்டு வரிசைகளுக்கும் வேறொரு வேறுபாடும் உண்டு. எக்கோப்பு எவ்வறையில் உள்ளது என்னும் அட்டவணையைத் தனி நினைவகம் ஒன்றில் வைத்துக்கொள்பவை சில. 870 ஈவோ அத்தகையது. ஏ400 முதலிய மலிவு வகைகளில் அந்நினைவகம் இல்லை. இடைவிடாது பலர் எழுதும் கணினிக்கு முன்னது நன்று; பிள்ளை ஒருவர் கட்டுரை எழுதும் கணினிக்குப் பின்னதே போதும். பத்துக் கணினிகள் உள்ள அறைக்கு ஒன்பது மலிவு வகையும், புள்ளிப் பட்டியல்கள் உள்ள அலுவலகக் கணினிக்கு ஒரு நல்ல வகையும் வாங்குதல் பணத்தை முறையாகப் பங்கிடுதலாகும்.

விலையை நாம் இங்கே குறிப்பிடவில்லை, அது நிலையில்லாதது. 2022 ஆம் ஆண்டில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது, சில வாரங்களிலேயே இறக்குமதிப் பொருள்களின் விலை ஏறியதைக் கண்டோம். 2025 ஆம் ஆண்டின் இறுதியில் உலகெங்கும் நினைவகச் சில்லுகளின் விலையும் ஏறத் தொடங்கியது. வாங்கும் நாளில் மூன்று கடைகளில் விலை கேட்டு, விலையைக் கொள்ளளவால் வகுத்து ஒப்பிடுவதே சரியான முறை. உத்தரவாதம் எங்கே, யாரால் நிறைவேற்றப்படும் என்பதையும் கேட்க. பிற நாட்டில் வாங்கிய பொருளின் உத்தரவாதம் புத்தளத்திற் பெரும்பாலும் பயன்படாது.

6. போலிகளை அறிதல்

மலிவைத் தேடும் இடத்திற் போலியும் உடன் வரும். பெயரறியாத உறையினுள், குறைந்த கொள்ளளவுள்ள சில்லு ஒன்றை வைத்து, அது பெருங் கொள்ளளவுடையதெனக் கணினிக்குப் பொய் கூறுமாறு அமைத்து விற்பர். கோப்புகளைப் பதியும்போது எல்லாம் நன்றாகவே நடக்கும். நிரம்பிய பின்னரே பழைய கோப்புகள் அழிந்தமை தெரியவரும். ஒரு தவணை முழுதும் பிள்ளைகள் செய்த ஒப்படைகள் இவ்வாறு மறையக்கூடும்.

இதற்குச் சோதனை உண்டு. வாங்கியவுடன், எதனையும் பதியுமுன், முழு இடத்தையும் எழுதி மீளப் படித்துப் பார்க்கும் இலவச மென்பொருளை இயக்குக. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்பதும், லினக்ஸில் எப்3 என்பதும் இதற்குரியன. எழுதியது யாவும் திரும்பப் படிக்கப்பட்டால் பொருள் மெய்யானது. பயன்படுத்திய எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்க நேரின், கிறிஸ்டல் டிஸ்க் இன்போ போன்ற மென்பொருள் மூலம் அது எத்தனை மணி நேரம் இயங்கியது, எவ்வளவு எழுதப்பட்டது என்பவற்றைப் பார்க்கலாம். ஆயினும் பாடசாலைக்குப் பழையது வாங்கவேண்டாம் என்பதே எம் கருத்து.

7. பொருத்தும் முறை

முதலாவதாக, பழைய வன்தட்டிலுள்ள கோப்புகள் யாவற்றையும் வேறோரிடத்துக்குப் படியெடுக்க. மின்னிணைப்பைக் கழற்றி, உடலிலுள்ள நிலைமின் நீங்கக் கணினியின் உலோகச் சட்டத்தைத் தொட்ட பின்னரே உறுப்புகளைக் கையாள்க. நம் கரையோரத்தில் உப்புக் காற்றால் இணைப்பு முனைகள் கறுத்துக் களிம்பேறுவது இயல்பு. மூடி கழற்றிய வேளையில் தூசியை நீக்கி, ரம் பலகைகளைக் கழற்றி, அவற்றின் முனைகளை மென்மையான அழிறப்பரால் துடைத்து மீளச் செருகுக. இதனாலேயே குணமாகும் கணினிகளும் உள.

பணிசெயல் முறைமையை நிறுவுமுன், கணினியின் பயோஸ் அமைப்பிற் சாட்டா முறை ஐ.டி.ஈ. என்றிருப்பின் ஏ.எச்.சி.ஐ. என மாற்றுக. நிறுவிய பின் மாற்றினால் விண்டோஸ் தொடங்க மறுக்கக்கூடும். அழிக்கப்பட்ட இடங்களை எஸ்.எஸ்.டி.க்கு அறிவிக்கும் டிரிம் என்னும் ஏற்பாடு 2009 இல் வந்த விண்டோஸ் 7 முதலே உள்ளது. விண்டோஸ் எக்ஸ்பியில் இல்லை. வன்தட்டுக்குச் செய்துவந்த துண்டொழுங்காக்கலை எஸ்.எஸ்.டி.க்குச் செய்யவேண்டா, அதனாற் பயனில்லை, தேய்வே மிகும்.

விண்டோஸ் 10 க்கான இலவசப் பொது ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 இல் முடிவுற்றது. விண்டோஸ் 11 க்கு 4 கிகாபைற்று ரம்மும், ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பும், பிற்காலத்துச் செயலியும் வேண்டுமாதலின், நாம் பேசும் கணினிகள் அதற்குத் தகுதியற்றன. ஆகவே லினக்ஸ் மின்ட், லுபுண்டு போன்ற இலவச முறைமைகளை நாடுதல் நன்று. லினக்ஸ் மின்டுக்கு 2 கிகாபைற்று ரம் இருந்தால் இயங்கும். 4 இருந்தால் இனிது இயங்கும். தமிழ் எழுத இயலுமோ என்னும் ஐயமும் வேண்டா. நம் நாட்டில் வழங்கும் ரெங்கநாதன் விசைப்பலகையும், தமிழ்99 விசைப்பலகையும் அங்கே உள. மென்பொருளுக்குப் பணம் செல்லாமையால், அப்பணம் ரம் வாங்க உதவும். ரம் வாங்குமுன் டி.டி.ஆர்.2, டி.டி.ஆர்.3 என்னும் வகையைப் பழைய பலகையிற் பார்த்துக் குறித்துக்கொள்க. ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது.

8. மின்வெட்டும் காப்புப்படியும்

நம் மாவட்டத்து நுரைச்சோலையில் 900 மெகாவாற்று ஆற்றலுள்ள அனல்மின் நிலையம் இருக்கின்றது. இருந்தும் 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டைக் கண்டோம்; 2025 பெப்ரவரி 9 ஆம் நாள் நாடு முழுவதும் இருண்டது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின் திடீரென நின்றால் எஸ்.எஸ்.டி.யிலுள்ள அட்டவணை சிதையக்கூடும். மடிக்கணினிக்கு மின்கலம் காவலாகும். மேசைக்கணினிக்கு யூ.பி.எஸ். வேண்டும், எல்லாவற்றுக்கும் இயலாவிடின் அலுவலகக் கணினிக்கேனும் வேண்டும்.

இங்கே ஓர் உண்மையை வற்புறுத்திக் கூறல் வேண்டும். வன்தட்டு சாகுமுன் பெரும்பாலும் முனகும், மந்தமாகும், எச்சரிக்கும். எஸ்.எஸ்.டி.யோ நேற்று நன்றாயிருந்து இன்று ஒன்றும் பேசாது நின்றுவிடுதல் உண்டு. சிதைந்ததிலிருந்து மீட்பதும் அரிது. மேலும், மின்னேற்றமே அதன் எழுத்தாதலால், மின்னின்றி நெடுங்காலம் வைத்தால் அது மெல்லக் கசியும். எழுதும் அளவை முழுதும் எழுதி முடித்த எஸ்.எஸ்.டி., 30 பாகை வெப்பத்தில் மின்னின்றி ஓராண்டு தாங்கினாற் போதும் என்பதே தொழிற்றுறையின் நியமம். புதியது அதனினும் நெடுநாள் தாங்கும், எனினும் எஸ்.எஸ்.டி.யைப் பெட்டகத்திற் பூட்டி வைக்கும் ஏடாகக் கருதலாகாது.

தமிழ் படித்தோருக்கு இது புதிய பாடமன்று. ஓலைச் சுவடி செல்லரிக்குமுன் அதனைப் படியெடுத்துப் படியெடுத்தே நம் முன்னோர் நூல்களைக் காத்தனர். படியெடுப்பார் இல்லாத நூல்கள் அழிந்தன. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இற் கலித்தொகையைப் பதிப்பிக்க முடிந்தமைக்குக் காரணம், யாரோ சிலர் தம் காலத்தில் அதனைப் படியெடுத்து வைத்தமையேயாம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் படியில்லாத ஏடுகள் மீளா வண்ணம் அழிந்தன. ஓரிடத்தில் மாத்திரம் உள்ளது உள்ளதாகாது.

ஆகவே கழற்றிய பழைய வன்தட்டு நல்ல நிலையில் இருப்பின் அதனை எறியவேண்டா. யூ.எஸ்.பி. உறை ஒன்றில் இட்டு, வாரந்தோறும் புள்ளிப் பட்டியல்களையும் பிள்ளைகளின் ஒப்படைகளையும் அதற்குப் படியெடுத்து, வேறொரு கட்டடத்தில் வைக்க. மற்றொரு படி இணையச் சேமிப்பிலும் இருத்தல் நன்று. கலா ஓயா பெருகும் ஊருக்கு இது மிகவும் இன்றியமையாதது.

9. எப்போது வேண்டாம் எனல் வேண்டும்?

எல்லாக் கணினியும் திருத்தத்தக்கன அல்ல. ஐ.டி.ஈ. வகைக் கணினி, 2 கிகாபைற்றுக்கு மேல் ரம் ஏற்காத கணினி, தாய்ப்பலகையின் மின்தேக்கிகள் வீங்கிய கணினி ஆகியவற்றுக்குச் செலவிடாது விடுக. எம் அளவுகோல் இது: எஸ்.எஸ்.டி., ரம், தாங்கி, கம்பி யாவற்றின் விலையும் சேர்ந்து, கடையில் உத்தரவாதத்துடன் விற்கும் புதுப்பித்த கணினி ஒன்றின் விலையிற் பாதியைக் கடக்குமாயின், திருத்துவதிலும் மாற்றுவதே நன்று. பத்தும் பழுதாயினும், நல்ல உறுப்புகளை ஒன்றுசேர்த்து ஆறு கணினிகளைச் செவ்வையாக இயக்குதல், பத்தையும் அரைகுறையாக இயக்குதலினும் சிறந்தது. தமிழ்நாட்டில் 2011 செப்ரெம்பர் 15 ஆம் நாள் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதற் கணினிகளுக்கும் இன்று பத்தாண்டுக்கு மேற்பட்ட வயதாகின்றது. அவற்றை வைத்திருப்போருக்கும் இவ்வளவுகோலே பொருந்தும்.

பணம் அனுப்ப விரும்பும் பழைய மாணவ அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உறுப்புகளை வாங்கி அனுப்புமுன், ஆசிரியர் ஒருவரிடம் ஐந்து விவரங்களைக் கேட்டுப் பெறுங்கள்: கணினியின் மாதிரிப் பெயரும் ஆண்டும், வன்தட்டின் இணைப்பு வகை, ரம்மின் வகையும் அளவும், மூடி கழற்றி எடுத்த உட்புறப் படம், டாஸ்க் மனேஜர் சாளரத்தின் படம். இவை கைபேசியிற் பத்து நிமிடத்தில் வந்துசேரும். பின்னர்ப் புத்தளத்திலோ கொழும்பிலோ உத்தரவாதம் நிறைவேற்றும் கடையில் வாங்குவதற்குப் பணத்தை அனுப்புங்கள். பழைய அலுவலகக் கணினிகளை அனுப்புவோர், அவற்றின் சாட்டாத் தாங்கிகளையும் மின் கம்பிகளையும் கழற்றாது அனுப்புக. தம் கோப்புகளை முற்றாக அழித்த பின்னர் அனுப்புக.

மேற்கூறியவற்றைத் தொகுத்துக் கூறின்: நோயை அறிந்து மருந்தைத் தேடுக; பொருத்தம் முதல், நம்பகம் அடுத்து, வேகம் ஈற்றில் எனக் கொள்க; 240 கிகாபைற்றுச் சாட்டா எஸ்.எஸ்.டி.யே பெரும்பாலான பழைய கணினிகளுக்குப் போதும்; வாங்கியதைச் சோதித்துப் பொருத்துக; காப்புப்படி இல்லாமல் ஒரு நாளும் இருக்கற்க. பாடசாலையில் ஒரு பாடவேளை நாற்பது நிமிடம் எனக் கொள்வோம். அதிற் பத்து நிமிடம் கணினி தொடங்குவதற்கே செல்லுமாயின், பிள்ளையின் கல்வியில் நாலில் ஒரு பங்கு சுழலும் தட்டொன்றுக்கு இரையாகின்றது. அப்பத்து நிமிடத்தை மீட்டுக் கொடுத்தல் நம்மால் இயலும் அறமாகும்.